கொழுந்தனாரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வாசகர் கடிதம்:

எனக்கு 39 வயது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். பி.காம். படித்தவள், ஊரிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். மகளிர் குழுவில் பல வருஷமாக இருக்கிறேன். இப்போது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் செயலாளர். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி போன தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, இந்த முறையும் அப்படித்தான் என்கிறார்கள். என் கொழுந்தனார் ஒன்றியத்தில் கான்ட்ராக்ட் எடுப்பவர். "அண்ணி, நீங்க நின்னா மட்டும் போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்கிறார். பத்து லட்சம் வரை இறக்கத் தயாராம். ஊர்ப் பெரியவர்களோ, கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு தொகை தந்தால் எதிர்த்து யாரையும் நிற்க விடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கோடை வந்தால் தெற்குத் தெருவுக்கும் காலனிக்கும் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அதையாவது சரி செய்ய முடியாதா என்று தோன்றுகிறது. நிற்கலாமா, வேண்டாமா?

(பெயர், ஊர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நில்லுங்கள். கொழுந்தனாரின் பத்து லட்சத்தில் மட்டும் நிற்காதீர்கள். கும்பாபிஷேகத்துக்குப் பணம் கட்டியும் நிற்காதீர்கள். இந்த இரண்டும் இல்லாமல் தலைவர் தேர்தலில் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்தால், தலைவருக்கு வேண்டாம், உங்கள் வார்டுக்கு நில்லுங்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஊராட்சிப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஏன் என்று விளக்க, தலைவர் நாற்காலியில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி கிராம ஊராட்சியின் செயல் அதிகாரி தலைவர்தான். மாநகராட்சியில் மேயர் இருந்தாலும் நிர்வாகம் கமிஷனர் கையில். கிராம ஊராட்சியில் அப்படி ஓர் ஆள் கிடையாது. ஊராட்சிச் செயலர் எழுதுவார், ஓவர்சியர் அளப்பார், வட்டார வளர்ச்சி அலுவலர் மேற்பார்வை பார்ப்பார். பணம் வெளியே போக வேண்டுமென்றால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குத் தணிக்கையில் தடை எழுந்தால், கலெக்டரிடமிருந்து, தலைவரைப் பதவி நீக்க வழிசெய்யும் 205-ஆவது பிரிவில் நோட்டீஸ் வந்தால், உறையின் மேல் உங்கள் பெயர்தான் இருக்கும். கொழுந்தனாரின் பெயர் எங்கும் இருக்காது.

ஆன்லைன் பணப் பட்டுவாடா வந்த பிறகு டிஜிட்டல் கையொப்பத்துக்கென்று பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கருவி தருகிறார்கள். பயிற்சிக்கு வரும் பெண் தலைவர்களிடம் அது எங்கே இருக்கிறது என்று கேட்பேன். சிலர் கைப்பையைத் திறந்து காட்டுவார்கள். சிலர் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். வெளியே டூ வீலரில் சாய்ந்து நிற்கும் கணவரின் சட்டைப் பையில் இருக்கும் அது. கடவுச்சொல்லும் அவருக்குத்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தன் பெயரில் எந்த பில் பாஸாகிறது என்பதே தெரியாது. ஊரிலும் "தலைவர்" என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள், இவர் "தலைவர் வீட்டம்மா". மன்றக் கூட்டத்தில் தலைவருக்குப் பதிலாகக் கணவரோ உறவினரோ உட்காரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகங்கள் எத்தனையோ முறை எச்சரித்தும் இது நின்றபாடில்லை. தேர்தலுக்கு முன்பே "மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லப்பட்ட வீடுகளில்தான் இதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கொழுந்தனார் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் தொழில் கான்ட்ராக்ட். பத்து லட்சம் இறக்குகிறவருக்கு அது திரும்பி வர வேண்டும். தலைவருக்கான மதிப்பூதியம் மாதம் இரண்டாயிரம் ரூபாய் அளவில்தான். ஐந்து வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் ஒன்றேகால் லட்சத்தைத் தொடாது. அப்படியானால் அந்தப் பத்து லட்சம் எங்கிருந்து வரும்? சிமென்ட் சாலையின் கனத்திலிருந்து வரும். வாய்க்கால் தூர்வாராமலே எழுதிய பில்லிலிருந்து வரும். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் பிடிக்கும் அதே தெற்குத் தெருவின் பைப்லைனிலிருந்தும் வரும்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2019, 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தல்களில் தலைவர் வேட்பாளர் செய்யலாம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்திருந்த செலவு வரம்பு 34,000 ரூபாய். வார்டு உறுப்பினருக்கு 9,000. தேர்தல் முடிந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காத வேட்பாளரை மூன்று வருஷத்துக்கு எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்க முடியாமல் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வரம்பு அடுத்த முறை கூடலாம். எவ்வளவு கூடினாலும் பத்து லட்சம் அதற்குள் அடங்கப் போவதில்லை. முதல் நாளே பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் கணக்குகளில் எப்படி நேராக இருப்பீர்கள்?

அதனால் கொழுந்தனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம். சாப்பாடு போட்டுவிட்டு, வீட்டில் நாலு பேர் இருக்கும்போது கேளுங்கள்: "தம்பி, நான் ஜெயிச்சா அஞ்சு வருஷத்துக்கு நம்ம ஊராட்சி வேலை எதையும் நீங்களோ உங்க ஆளுங்களோ எடுக்க மாட்டீங்கதானே?" சரி என்று உடனே சொன்னால் அவரைத் தாராளமாகக் கூட வைத்துக்கொள்ளுங்கள், ஊரைத் தெரிந்த ஆள், ஓட்டு கேட்க உதவுவார். சிரித்து மழுப்பினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ஒருவேளை அவர் கோபித்துக்கொண்டு வேறு ஒருத்தியை நிறுத்தலாம். அது நடந்தால் இப்போதே நடக்கட்டும். ஜெயித்து ஆறு மாதம் கழித்து, முதல் பில்லில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீங்கள் சொல்லும் அன்றைக்கு நடந்தால் குடும்பமும் உடையும், ஊராட்சியும் முடங்கும்.

இனி கும்பாபிஷேகப் பணம். பதவியை ஏலம் விடுவதும், பணத்தைக் காட்டிப் போட்டியைத் தடுப்பதும் குற்றம் என்று தேர்தல் ஆணையம் 2019-இலேயே வெளிப்படையாக எச்சரித்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் இப்படிப் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சில் காலனியிலிருந்து யாராவது இருந்தார்களா? எனக்குத் தெரிந்து இப்படிப்பட்ட பேச்சுகளில் இருப்பதில்லை. பெண்களும் இருப்பதில்லை. பத்து ஆண்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து முடிவு செய்தால், ஓட்டுரிமை உள்ள மற்ற எல்லாரையும் கேட்காமலே அவர்கள் ஓட்டைப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996-லிருந்து பத்து வருஷம் முறையான தேர்தலுக்கு வழி விடாமல் செய்தது ஊர்க் கட்டுப்பாடுதான். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்க முடிந்தது. அதே கட்டுப்பாடு இன்றைக்கு உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக அதன் தோளில் ஏறாதீர்கள். போட்டியில் ஜெயித்தால் காலனியில் போய்த் தலை நிமிர்ந்து நிற்கலாம். கோயிலுக்கு நன்கொடை தர விருப்பமிருந்தால் தேர்தல் முடிந்து, உங்களால் முடிந்ததை, உங்கள் பெயரில் ரசீது போட்டுத் தாருங்கள்.

அப்படியானால் அவர்கள் யாரும் இல்லாமல் ஜெயிக்க முடியுமா? முடியலாம். ஆனால் அதைக் கணக்காகப் பார்க்க வேண்டும். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. பூட்டு சாவியோ ஆட்டோ ரிக்‌ஷாவோ, ஆணையம் தருகிற சின்னம்தான். கட்சிக்காரர்கள் பின்னால் நிற்பார்கள், அது வேறு. கட்சிச் சின்னம் ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட வார்டுக்கும்தான். எனவே ஆளைப் பார்த்து ஓட்டு விழ உண்மையிலேயே இடமிருக்கிறது. உங்களிடம் இருப்பது கூட்டமைப்பு. ஆனால் குழுவில் பெயர் இருக்கிறவர் எல்லாரும் உங்கள் ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கடன் வசூலில் நீங்கள் கறாராக இருந்த வீடுகள் இருக்கும். உங்களைப் பிடித்தாலும் புருஷன் சொல்கிற சின்னத்தில் முத்திரை குத்துகிறவர்கள் இருப்பார்கள். வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். தெருத் தெருவாக, வீடு வீடாக, பென்சிலால் குறியுங்கள்: நிச்சயம் வரும், வராது, தெரியாது. "தெரியாது" என்று குறித்த வீடுகளுக்குத்தான் நீங்கள் நடக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே நடந்து முடித்திருக்க வேண்டும்.

முன்பே என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019-இல் டிசம்பர் 9-ஆம் தேதி மனுத் தாக்கல் தொடங்கியது, 16-இல் முடிந்தது. 17-இல் பரிசீலனை, 19-இல் வாபஸ், அன்றைக்குத்தான் இறுதிப் பட்டியலும் சின்னமும். முதல் கட்ட வாக்குப்பதிவு 27-ஆம் தேதி. சின்னம் கையில் கிடைத்த பிறகு ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்தில் உங்களைப் புதிதாக யாருக்கும் அறிமுகம் செய்ய முடியாது. சின்னத்தை மட்டும்தான் சொல்லலாம். பணம் பேசுவதும் அந்த வாரத்தில்தான். ஆறு மாதம் முன்பே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசியவரைப் பணத்தால் தோற்கடிப்பது கொஞ்சம் கஷ்டம். முடியாது என்று பொய் சொல்ல மாட்டேன், கஷ்டம்.

இன்னொரு கணக்கையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தலைவராக ஜெயித்தாலும் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவர் உங்களுக்கு எதிர் அணியென்றால், சம்பளப் பட்டியல்கூட மேஜையில் கிடக்கும். டேங்க் ஆபரேட்டரும் தூய்மைக் காவலரும் சம்பளமில்லாமல் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கலெக்டர் தலையிட்டு மாற்று ஏற்பாடு செய்ய வழியுண்டு, அதற்கு மாதங்கள் ஆகும். எனவே தனியாக நிற்காதீர்கள். நீங்கள் நம்பும் பெண்களை, காலனியிலிருந்து ஒருவரையாவது சேர்த்து, வார்டுகளுக்கு நிற்கச் சொல்லுங்கள். பாதி வார்டுக்கு மேல் உங்களோடு ஒத்துப்போகிறவர்கள் வருவார்களா என்பதுதான், தலைவருக்கு நிற்பதா வார்டுக்கு நிற்பதா என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல்.

தண்ணீருக்கு வருகிறேன். கடிதத்தில் உங்கள் குரல் உண்மையிலேயே ஒலித்த இடம் அதுதான். தலைவரால் அதைச் சரி செய்ய முடியுமா? பெரும்பாலும் முடியும். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் ஊராட்சிகளுக்கு வந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மாநில நிதிக்குழு மானியம் தனி. வீட்டு வரி, குழாய் வரி, தொழில் வரி உங்கள் ஊரின் சொந்த வருமானம். ஆனால் தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின்கட்டணம், ஊழியர் சம்பளம், பழுது என்று போன பிறகு கையில் நிற்பது குறைவு. சின்ன ஊராட்சியில் மிகக் குறைவு. தண்ணீர் வராததற்குக் காரணம் எப்போதும் பணமும் அல்ல. பல ஊர்களில் தொட்டி நிறையத்தான் செய்கிறது. மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் ஒரே வால்வு, அதை எவ்வளவு நேரம் யாருக்குத் திறப்பது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. காலனி லைன் கடைசியில் இருந்தால் கடைசியாகத்தான் போகும். உங்கள் ஊரில் எது காரணம் என்று டேங்க் ஆபரேட்டரிடம் இப்போதே கேளுங்கள். ஒரு நாள் காலையில் அவரோடு கூடவே போய் ஒவ்வொரு வால்வாகப் பாருங்கள். இதற்குத் தலைவராக வேண்டியதில்லை.

பெரிதாகச் செய்தவர்களும் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையையே நிறுவியது. அவர் 1996-இலிருந்து இரண்டு முறை தலைவராக இருந்தவர். முதல் வருஷத்தில் யாரும் காற்றாலை கேட்கவில்லை. எல்லா ஊரையும் போலத் தண்ணீரும் வீடும்தான் கேட்டார்கள். நீங்களும் வால்விலிருந்து தொடங்கலாம்.

உங்கள் வீட்டைப் பற்றி. கணவர் "உன் இஷ்டம்" என்பது சம்மதம் இல்லை. மறுப்பும் இல்லை. அவர் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது உட்கார வைத்து நடைமுறையைச் சொல்லுங்கள். மே மாதத்தில் இரவு பதினோரு மணிக்கு மோட்டார் எரிந்துபோகும். ஆபரேட்டர் உங்கள் போனுக்குத்தான் அடிப்பார். விடிவதற்குள் மெக்கானிக்கைப் பிடித்து, மோட்டாரை மேலே தூக்க ஆள் பார்த்து, காயில் கட்ட டவுனுக்கு அனுப்பி, அதற்குள் டிராக்டர் டேங்கர் ஏற்பாடு செய்ய வேண்டும். பணம் பிறகுதான் வரும், அதுவரை கடனுக்கு நீங்கள்தான் வாக்குச் சொல்ல வேண்டும். அந்த இரவுகளில் அவர் ஊரில் இருக்க மாட்டார். யாருடன் போவீர்கள், மகளோடு யார் இருப்பார்கள்? இதற்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும், உங்களிடமும் இருக்க வேண்டும். மாமியாரோ அம்மாவோ ஐந்து வருஷத்துக்கு உதவ முடியுமா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். தையல் கடை வருமானம் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன வழி என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் மனுவைக் கையில் எடுக்க வேண்டும். நேர்மையாக இருக்க நினைத்த சிலர் சறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். பேராசையால் அல்ல, பிள்ளையின் ஃபீஸ் கட்ட வேண்டிய வாரத்தில் சறுக்கினார்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியாது. திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தில் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, பெண்களுக்குக் கழிப்பறை கட்டும் முயற்சியில் இருந்தபோது 2011-இல் வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தார். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். அந்த வன்மத்துக்கு அதுவும் காரணம். எல்லா ஊரிலும் இப்படி நடப்பதில்லை. ஆனால் புறம்போக்கு, மணல், ஆக்கிரமிப்பு விஷயங்களில் யார் யாருக்கு என்ன ஆதாயம் என்று தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. மிரட்டல் எதுவானாலும் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், மனு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். "பேசித் தீத்துக்கலாம்" என்று வருகிறவர்களிடம் அந்த ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது, அதன் பின் மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர் பொறுப்பு. இது உங்களுக்குப் பாடம் படிக்கக் கிடைத்த காலம். கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் இப்போது சேர்ந்திருக்கின்றன. வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குடிநீர்ப் பராமரிப்புக்கு இந்த வருஷம் எவ்வளவு செலவானது, எந்தெந்தத் தெருவுக்கு? உங்கள் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஆண்கள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்புக்கு நடுவில் நின்று கேள்வியை முடிக்க முடிகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால், தேர்தலில் நிற்பதற்கான தைரியம் உங்களிடம் இருக்கிறதா என்று என்னைப் போன்ற ஆளிடம் கேட்க வேண்டியதே இல்லை.

இட ஒதுக்கீடு இந்த முறையும் பெண்களுக்கே என்று யார் சொன்னாலும் அரசிதழில் வரும்வரை நம்ப வேண்டாம். வார்டு எல்லைகளின் மறுவரையறையும் சில ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்ப்பதும் நடந்தால் பட்டியல் மாறலாம். பொது இடம் என்று அறிவித்தாலும் நீங்கள் நிற்கலாம், தடை எதுவும் இல்லை. பெண்கள் ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டும்தான் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

மனுத் தாக்கலுக்கான வேலைகள் சில. உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று பார்த்து எழுதிவையுங்கள், முன்மொழிபவருடையதையும் பாருங்கள். முன்மொழிபவர் கடைசி நாளில் காணாமல் போவது புதிதல்ல, இரண்டாவது ஆளையும் தயாராக வைத்திருங்கள். வீட்டு வரி, குழாய் வரி பாக்கியை இன்றே கட்டி ரசீதைக் கோப்பில் போடுங்கள். கணவர் பெயரில் உள்ள வீடானாலும் கட்டிவிடுங்கள். ஊராட்சியோடு உங்கள் பெயரில் நடப்பில் எந்த ஒப்பந்தமும் இருக்கக் கூடாது. பள்ளிச் சீருடை மாதிரி ஏதாவது தைத்துக் கொடுக்கிறீர்களென்றால் அது யாருடைய பேரில், எந்த அலுவலகத்தோடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொத்து, வழக்கு விவரம் சொல்லும் உறுதிமொழிப் பத்திரத்தில் எந்த இடத்தையும் வெறுமையாக விடாதீர்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். கடந்த முறை டெபாசிட் தலைவருக்கு 600 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 300. கூட்டமைப்புச் செயலாளர் பொறுப்பிலிருந்து மனுத் தாக்கலுக்கு முன் விலகிவிடுங்கள். கணக்குப் புத்தகங்களை அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். குழுப் பணத்தில் தேர்தல் நடத்தினாள் என்று சொல்ல ஒருவருக்கும் இடம் தர வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மகளுக்குப் பொதுத்தேர்வு மார்ச்சில். அதுவரை தெருத் தெருவாக நடக்கும் வேலையை ஞாயிற்றுக்கிழமைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொழுந்தனாரிடம் கேட்க வேண்டியதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். கிராம சபையில் வாசித்த வரவு செலவு அறிக்கையின் நகல் கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். மின்கட்டணம் எவ்வளவு, வரி வசூல் எவ்வளவு, மானியம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வரிவரியாகக் குறித்து அனுப்புகிறேன்.